வில்லங்கச் சான்றில் வராத கம்பி

புறநகர் லேஅவுட்டுகளில் ஒரு வரிசை மனைகள் மட்டும் மற்றவற்றைவிட விலை குறைவாக இருக்கும். அண்ணாந்து பார்த்தால் காரணம் தெரிந்துவிடும்: ஹைடென்ஷன் டவர் லைன். "பக்கத்துல இருந்தா கேன்சர் வருமாமே?" என்று வாங்க வந்தவர் கேட்பார். "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது சார், அங்க பாருங்க, நாலு வீடு கட்டிக் குடியிருக்காங்க" என்பார் புரோக்கர். இருவரும் அதோடு அடுத்த பேச்சுக்குப் போய்விடுவார்கள். நோய்ப் பயத்துக்குப் பின்னால் இருக்கும் ஆதாரம் மெலிதானது. அந்தக் கம்பி மனையில் எத்தனை அடியை, எத்தனை மாடியை எடுத்துக்கொள்ளும் என்பதோ டேப் வைத்து அளக்கக்கூடிய கணக்கு. அதைக் கேட்பவர்தான் அரிது.

நோயை முதலில் பார்த்துவிடலாம். 1979இல் அமெரிக்காவின் டென்வர் நகரில் நான்சி வெர்தைமர், எட் லீப்பர் என்ற இருவர், மின்கம்பிகளுக்கு அருகே வளர்ந்த குழந்தைகளிடம் ரத்தப் புற்றுநோய் கூடுதலாகக் காணப்படுவதாக எழுதினார்கள். அன்றிலிருந்து கிளம்பிய சர்ச்சை இது. பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்து 2000இல் பார்த்தபோது, வீட்டுக்குள் சராசரி காந்தப்புலம் 0.3 அல்லது 0.4 மைக்ரோடெஸ்லாவுக்கு மேல் இருந்த குழந்தைகளிடம் மட்டும் அபாயம் ஏறக்குறைய இரு மடங்காகத் தெரிந்தது. 2002இல் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை இந்தக் காந்தப்புலத்தை '2பி' பிரிவில் வைத்தது. அதற்கு, ஐயத்துக்கு இடமிருக்கிறது, நிரூபணம் போதவில்லை என்று பொருள். கிழக்காசிய முறையில் ஊறவைத்த காய்கறிகளும் அதே பிரிவில்தான் இருக்கின்றன.

இரு மடங்கு என்ற சொல் மிரட்டும். எதன் இரு மடங்கு என்று கேட்க வேண்டும். குழந்தைகளுக்கு ரத்தப் புற்றுநோய் வருவதே அபூர்வம். 2000ஆம் ஆண்டில் உலகம் முழுவதும் சுமார் 49,000 குழந்தைகளுக்கு அது வந்ததாக மதிப்பிட்ட உலக சுகாதார நிறுவனம், காந்தப்புலம்தான் காரணம் என்று ஒரு பேச்சுக்கு ஒப்புக்கொண்டாலும் அதன் பங்கு 100 முதல் 2,400 வரைதான் வரும் என்று 2007இல் கணக்கிட்டது. பிரிட்டனில் நடந்த பெரிய ஆய்வு ஒன்று இன்னும் குழப்பமானது. 2005இல் வெளிவந்த அதன் முடிவில், கம்பியிலிருந்து 600 மீட்டர் வரையிலும் அபாயம் சற்றுக் கூடித் தெரிந்தது. ஆனால் அவ்வளவு தூரத்தில் அந்தக் கம்பியின் காந்தப்புலமே மிஞ்சாது. அதே ஆய்வைப் பின்னர் நீட்டித்தபோது, 1980களிலிருந்து அந்த அதிகரிப்பைக் காணவில்லை. கம்பி அப்படியேதான் இருக்கிறது. அப்படியானால் அந்தப் பழைய அதிகரிப்புக்குக் காரணம் கம்பியைச் சுற்றி வாழ்ந்தவர்களின் வேறு ஏதோ நிலைமையாக இருக்கலாம் என்பதே ஆய்வாளர்களின் ஊகம்.

இங்கே இரண்டு புலங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். மின்புலம் வோல்டேஜைப் பொறுத்தது. சுவர், கூரை, மரம் எல்லாம் அதைப் பெருமளவு தடுத்துவிடும். 400 கேவி (கிலோவோல்ட்) லைனுக்கு அடியில் ட்யூப் லைட்டைக் கையில் பிடித்தால் மினுங்கும் வீடியோக்களைப் பார்த்திருப்பீர்கள். அதில் மோசடி கிடையாது, மின்புலத்தின் வேலை அது. நோயைப் பற்றி அது எதையும் சொல்வதில்லை. காந்தப்புலம் கம்பியில் ஓடும் கரண்டைப் பொறுத்தது. சுவர் அதை மறிக்காது, தூரம்தான் குறைக்கும். 110 கேவி லைன் என்றால் சில பத்து மீட்டர் தள்ளினாலே வழக்கமான வீட்டு அளவுக்கு இறங்கிவிடும். 400 கேவிக்கு அதைவிடக் கூடுதல் தூரம் வேண்டும். ஒப்பிட்டுப் பார்க்க, மைக்ரோவேவ் அடுப்புக்கு 30 சென்டிமீட்டர் தள்ளி நின்றாலே 4 முதல் 8 மைக்ரோடெஸ்லா இருக்கும். ஆனால் அதன் முன்னால் யாரும் இரவெல்லாம் படுத்திருப்பதில்லை. பன்னாட்டு வழிகாட்டுதலில் பொதுமக்களுக்கான உச்ச அளவு 200 மைக்ரோடெஸ்லா.

செல்போன் ஆப்பை வைத்து அளக்கக் கிளம்புபவர்களுக்கு ஒரு சொல். அது 40 என்று காட்டினால் பதற வேண்டாம். அது பூமியின் சொந்தக் காந்தப்புலம், வயல் நடுவில் நின்றாலும் அதே 40தான். மாறுமின்னோட்டத்தின் புலத்தை அளக்கத் தனிக் கருவி இருக்கிறது. அதையும் லோடு அதிகமாக உள்ள கோடை இரவில் வைத்துப் பார்த்தால்தான் அர்த்தம்.

இனி டேப் கணக்கு. மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிகளின்படி, கட்டடத்துக்கும் கம்பிக்கும் இடையே பக்கவாட்டில் 110 கேவிக்கு 2.9 மீட்டர், 230 கேவிக்கு 3.8 மீட்டர், 400 கேவிக்கு 5.6 மீட்டராவது இருக்க வேண்டும். மேல்நோக்கி முறையே 4.6, 5.5, 7.3 மீட்டர். லைன் எத்தனை கேவி என்பதை டவரில் மாட்டியிருக்கும் அபாயப் பலகையிலேயே எழுதியிருப்பார்கள். அளக்கும்போது ஒன்றை மறக்கக்கூடாது. நீங்கள் போய்ப் பார்க்கும் காலை நேரத்தில் கம்பி எங்கே இருக்கிறதோ அது கணக்கல்ல. வெயிலிலும் லோடிலும் சூடேறிக் கம்பி தொய்ந்து இறங்கும், காற்றில் பக்கவாட்டில் ஆடும். அதிகபட்சத் தொய்விலும் ஆட்டத்திலும் இந்த இடைவெளி மிஞ்ச வேண்டும் என்பதே விதி.

இன்று தரைத்தளம் மட்டும் கட்டியிருக்கும் வீடு சரியாகவே இருக்கலாம். மகனுக்கு மாடி எடுக்க நினைக்கும்போது சிக்கல் வரும். மாடிக்கு மேலே தண்ணீர்த் தொட்டி, அதற்கு மேல் சோலார் தகடு என்று உயரம் ஏறிக்கொண்டே போகும். கட்டுமானத்தின்போது நீளமான முறுக்குக் கம்பியை நிமிர்த்தித் தூக்குகிற சென்டரிங் ஆளுக்கும், அலுமினியத் தொரட்டியால் தேங்காய் பறிப்பவருக்கும் இருக்கிற ஆபத்து நிச்சயமானது. அந்த ஆபத்து டவர் லைனில் மட்டுமல்ல, பால்கனியை உரசிப் போகும் சாதாரண 11 கேவி கம்பியிலும் உண்டு. அதைக் கண்டு மட்டும் யாரும் பேரத்தை முறிப்பதில்லை.

டவர் லைன் போட நிலத்தைக் கையகப்படுத்துவது கிடையாது. 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 164ஆம் பிரிவு, 1885ஆம் ஆண்டுத் தந்திச் சட்டத்தின் அதிகாரத்தை மின்நிறுவனங்களுக்குத் தர வழிசெய்கிறது. நிலம் உடைமையாளர் பெயரிலேயே இருக்கும், கம்பி மேலே போகும். பத்திரப் பதிவு ஏதும் நடக்காததால் வில்லங்கச் சான்றில் பொதுவாக இது வராது. தாய்ப்பத்திரமும் பட்டாவும் சுத்தமாக இருக்கும். ஆனால் கம்பிக்கு அடியில் 110 கேவிக்கு 22 மீட்டர், 400 கேவிக்கு 46 மீட்டர் அகலத்துக்கு ஒரு பாதை விடப்பட வேண்டும் என்பது மின்துறையின் நடைமுறை. அந்தப் பாதையின் ஓரம் உங்கள் மனைக்குள் எங்கே விழுகிறது என்பதை, டவர் எண்ணைக் குறித்துக்கொண்டு போய் மின்தொடரமைப்புக் கழகத்தின் அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்குவது நல்லது. பெரிய லைன் என்றால் பவர்கிரிட்டுடையதாகவும் இருக்கலாம். "லைனை மாத்திடலாம் சார்" என்று யாராவது சொன்னால், செலவு கேட்பவர் தலையில்தான் விழும் என்பதை நினைவில் வையுங்கள். தெருக்கம்பத்தை நகர்த்துவதும் டவரை நகர்த்துவதும் ஒன்றல்ல.

பனிக்காலத்திலும் தூறலிலும் பெரிய லைன்கள் 'உஸ்' என்று இரையும். படுக்கையறை அந்தப் பக்கம் இருந்தால் இரவில் ஒருமுறை போய்க் கேட்டுவிட்டு வாருங்கள். தகரக் கூரை, இரும்பு கேட், துணி காயப்போடும் கம்பி ஆகியவற்றில் லேசாக ஷாக் அடிப்பதும் உண்டு. எர்த் கொடுத்தால் அது தீரும்.

விலைக்கு வருவோம். மத்திய மின் அமைச்சகம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதல், கம்பிப் பாதைக்குள் வரும் நிலத்துக்கு அதன் மதிப்பில் 15 சதவீதம் வரை இழப்பீடு தரலாம் என்றது. 2024 ஜூனில் அது 30 சதவீதமாக உயர்ந்தது. அந்தத் தொகை புதிதாக லைன் போடும்போது அப்போதைய உடைமையாளருக்குத்தான், பிறகு வாங்குபவருக்குக் கிடையாது. பாதைக்குள் விழும் சென்ட்டுகளுக்கு நீங்கள் கேட்கும் தள்ளுபடி 30 சதவீதத்துக்குக் குறைவாக இருக்கக் காரணமே இல்லை; கட்டவே முடியாத பகுதி என்றால் அதைத் தோட்டத்தின் விலைக்குத்தான் மதிக்க வேண்டும்.