மௌனமும் ஒரு குரலே!

"மௌனம் சம்மதத்திற்கு அறிகுறி" என்பது நம் பெரியோர் வழங்கிவரும் முதுமொழி. ஆசிரியை கேட்ட கேள்விக்கு வாய் திறவாது நின்றால், "அப்படியானால் ஒப்புக்கொள்கிறாய், இல்லையா?" என்பார். வீட்டில் அம்மாவும் அப்படியே. ஆனால் எல்லா மௌனமும் சம்மதம்தானா? வாய் மூடியிருப்பதே மறுப்பாகவும், ஏன், எதிர்ப்பாகவும் ஆகக்கூடாதா? ஆகும் என்பதே என் கருத்து. அதற்குச் சான்றாக ஓர் இசையமைப்பாளரின் வாழ்க்கையை இங்கே எடுத்துக்கொள்கிறேன். அவர் பெயர் கார்ல் அமதேயுஸ் ஹார்ட்மன்.

பாக், பீத்தோவன் ஆகியோரின் பெயர்களை நாம் அறிவோம். பியானோ பயிலும் தோழியர் அவர்களுடைய சிறு பாடங்களை வாசித்தும் இருப்பர். அதே ஜெர்மன் மண்ணில் இருபதாம் நூற்றாண்டில் தோன்றிய ஹார்ட்மனை நம்மில் பெரும்பாலோர் அறியோம். 1905ஆம் ஆண்டு ஆகஸ்டு 2ஆம் நாள் மியூனிக் நகரில் அவர் பிறந்தார். தந்தை ஓவியர், சகோதரர்களும் தூரிகையை நேசித்தவர்கள். இவர் மட்டும் இசையை நாடினார். மியூனிக் இசைக் கழகத்தில் ஜோசப் ஹாஸ் என்பவரிடம் இசையமைப்பும், அதனுடன் டிராம்போன் என்னும் பித்தளை ஊதுகருவியும் பயின்றார். 1928 முதல் ஓவியர் குழு ஒன்றுடன் சேர்ந்து புத்திசைக் கச்சேரிகளை நடத்தினார். இளமை, திறமை, நண்பர் கூட்டம் எல்லாம் இருந்தன. இனிப் புகழ் வருவதுதான் பாக்கி.

வந்ததோ 1933! அவ்வாண்டு ஜனவரியில் இட்லர் ஆட்சிக்கு வந்தான். மார்ச்சு மாதமே மியூனிக்கிற்கு அருகிலுள்ள டாகாவ் என்ற ஊரில் கைதிகளுக்கான முகாம் திறக்கப்பட்டது. யூதர் படைத்த இசை மேடையிலிருந்து இறக்கப்பட்டது. ஹார்ட்மன் போற்றிய நடத்துநர் ஹெர்மன் ஷெர்ஷன் நாட்டை விட்டே வெளியேறினார். அதே நேரத்தில், ஆட்சிக்கு இசைந்து நடந்தவர்களுக்கு மேடையும் பதவியும் காத்திருந்தன. புகழின் உச்சியில் இருந்த ரிச்சர்டு ஸ்ட்ராஸ், அரசின் இசை மன்றத்திற்கு 1933இல் தலைவரானார். 1935இல் அப்பதவியை இழந்தார். அவருடைய மருமகள் யூதப் பெண் என்பதையும், குடும்பத்தைப் பற்றிய கவலை அவருக்கு இருந்தது என்பதையும் நாம் மறக்கலாகாது. அவர்மீது கல்லெறிவது என் நோக்கமன்று. வேறு வழியும் இருந்தது என்று காட்டுவதே என் நோக்கம்.

அந்த வேறு வழியை ஹார்ட்மன் தேர்ந்துகொண்டார். அவர் நாட்டை விட்டு ஓடவில்லை; ஆட்சிக்குப் பாடவும் இல்லை. எழுதினார், எழுதியதைச் சொந்த நாட்டின் மேடைக்குத் தராமல் வைத்துக்கொண்டார். அப்போது அவருக்கு வயது 27. அந்த ஆட்சி வீழ்ந்தபோது 39. ஒரு கலைஞனின் வாழ்வில் இவை எப்படிப்பட்ட ஆண்டுகள் என்று எண்ணிப் பாருங்கள்! ஆண்டு விழாவில் ஒரு நடனத்திற்கு நம் பெயரைச் சேர்க்காவிட்டால் ஒரு வாரம் முகம் வாடுகிறோம். பன்னிரண்டு ஆண்டுகள் தம் பெயரைத் தாமே விலக்கிக்கொண்ட ஒருவரை என்னவென்று சொல்வது?

அவர் எழுதியவை எவை என்று பார்த்தால், அந்த மௌனத்தின் பொருள் விளங்கும். 1934இல் 'மிசெரே' என்ற இசைக்காவியத்தைப் படைத்து, டாகாவ் முகாமில் மடிந்த தம் நண்பர்களுக்குக் காணிக்கையாக்கினார். அவர்களை மறக்கமாட்டோம் என்று அதன் முகப்பில் எழுதியும் வைத்தார். பிற்காலத்தில் டாகாவைப் பற்றி உலகமே பேசியது. ஆனால் முகாம் தொடங்கி ஓராண்டே ஆகியிருந்தபோது, அதன் அருகிலேயே குடியிருந்த ஒருவர் இதை எழுதினார் என்பதை நாம் கவனிக்க வேண்டும். "எங்களுக்கு ஒன்றும் தெரியாது" என்று பின்னாளில் சொன்ன பலருக்கு இதைவிட வேறு பதில் வேண்டுமோ? 1935இல் செக்கோஸ்லோவாக்கியாவின் பிராக் நகரில் ஷெர்ஷன் அதை அரங்கேற்றினார்.

அந்த முகாமில் 1945 வரை 2 லட்சத்துக்கும் மேற்பட்டோர் அடைக்கப்பட்டனர். 40 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். கைதிகளுள் ஏறத்தாழ 2,700 பேர் சமயத் தொண்டர்கள். அவர்களிலும் மிகப் பெரும்பாலோர் கத்தோலிக்கக் குருக்கள். 2022இல் புனிதர் பட்டம் பெற்ற கார்மேல் சபைத் துறவி டைட்டஸ் பிரான்ட்ஸ்மா 1942இல் உயிர் நீத்தது அங்கேதான்.

1939இல் செக்கோஸ்லோவாக்கியாவை இட்லர் விழுங்கினான். அவ்வாண்டில் ஹார்ட்மன் ஒற்றை வயலினுக்கும் நரம்புக் கருவிகளுக்குமாக ஓர் இரங்கல் இசையை அமைத்தார். 'கான்செர்ட்டோ ஃபூனெப்ரே' என்று இன்று உலகம் அதனை அறியும். செக் மக்களின் பழைய பக்திப் பாடல் ஒன்றின் மெட்டை அதன் தொடக்கத்தில் வைத்தார். நசுக்கப்பட்ட மக்களின் பாட்டை நசுக்கியவன் நாட்டிலேயே அமர்ந்து எழுதுவது சாதாரணச் செயலா? 1940இல் சுவிட்சர்லாந்தில் அது முதன்முதலாக இசைக்கப்பட்டது.

இந்த இசையைக் கேட்டபோது முதலில் எனக்கு இனிமை ஒன்றும் தெரியவில்லை. வயலின் பாடவில்லை, அழுகிறது என்றுதான் தோன்றியது. "இதையா ரசிப்பது?" என்று என் தோழி கேட்டாள். இசை என்றால் இனிமை என்று நாம் பழகிவிட்டோம். ஆனால் துக்க வீட்டில் யாராவது குழைந்து பேசுவார்களா? உண்மையைச் சொல்ல வரும் இசைக்கு எப்போதும் இனிக்கும் கடமை இல்லை. மூன்றாம் முறை கேட்டபோது, அந்த அழுகைக்குள் ஒரு பிரார்த்தனை இருப்பது எனக்குப் புரிந்தது.

இங்கே ஒரு கேள்வி எழும். "வீட்டுக்குள் அமர்ந்து எழுதியதால் ஒரு கைதியாவது விடுதலை ஆனானா? மனைவியின் பெற்றோர் பொருளுதவி செய்ததால் அவரால் மௌனமாக இருக்க முடிந்தது. ஏழைக்கு அது கூடுமா?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். அதே மியூனிக் நகரில் சோஃபி ஷோல் என்ற மாணவி ஆட்சியை எதிர்த்துத் துண்டுப் பிரசுரங்களைப் பரப்பினாள். 1943 பிப்ரவரி 22இல் தன் 21ஆம் வயதில் அண்ணனோடு கொல்லப்பட்டாள். அவளுடைய வீரத்துக்கு இணையாக ஹார்ட்மனை நான் நிறுத்தவில்லை. நிறுத்தினால் அவரே ஒப்பமாட்டார் என்று நினைக்கிறேன்.

ஆயினும் என் பதில் இது. எல்லாருக்கும் சோஃபியின் துணிவு வாய்ப்பதில்லை. அதனால் துணிவில்லாத எல்லாரும் கைதட்டிக்கொண்டு நிற்க வேண்டுமா? இரண்டுக்கும் நடுவே ஒரு வழி உண்டு. அது கைதட்ட மறுக்கும் வழி. கொடுமை செய்பவனுக்கு ஆட்கள் மட்டும் போதாது. விழாக்களும் வாத்தியங்களும் பாராட்டும் வேண்டும். அவற்றைக் கொடுக்க மாட்டேன் என்று திறமைசாலி ஒருவர் விலகும்போது, அந்த மேடையில் ஓர் இடம் காலியாகிறது. பயந்து பேசாமலிருப்பது வேறு, கொடுக்க மறுத்துப் பேசாமலிருப்பது வேறு. முன்னது எதையும் இழப்பதில்லை. பின்னது தன் புகழையே இழக்கிறது. எந்த மௌனம் எத்தகையது என்று அறிய, அதற்குக் கொடுத்த விலையைப் பார்த்தால் போதும்.

இன்னொரு வகையிலும் அறியலாம். மௌனம் முடிந்தபின் அந்த மனிதர் என்ன செய்கிறார் என்று பார்க்க வேண்டும். 1945 ஏப்ரல் இறுதியில், டாகாவ் கைதிகள் கால்நடையாக ஓட்டிச் செல்லப்பட்ட முடிவில்லா வரிசையை ஹார்ட்மன் கண்ணால் கண்டார். உடனே '27 ஏப்ரல் 1945' என்று அந்த நாளையே தலைப்பாக்கி ஒரு பியானோ சொனாட்டா எழுதினார். ஏப்ரல் 29இல் அமெரிக்கப் படையினர் முகாமை விடுவித்தனர்.

போர் முடிந்தது. குண்டுகளால் இடிந்து கிடந்த மியூனிக்கில், கறைபடாத கலைஞர் என்று அவரைத் தேடிப் பொறுப்பு வந்தது. இத்தனை ஆண்டுகள் ஒளித்துவைத்த தம் படைப்புகளையே அவர் வரிசையாக மேடையேற்றியிருக்கலாம். யார் குறை சொல்லியிருப்பார்கள்? ஆனால் அவர் 1945 அக்டோபரில் 'மூசிகா விவா' என்ற கச்சேரித் தொடரைத் தொடங்கினார். 'உயிருள்ள இசை' என்பது அதன் பொருள். மாலர், ஷோன்பர்க் முதலிய விலக்கப்பட்ட இசையமைப்பாளர்களை ஜெர்மன் மக்களின் செவிக்கு மீண்டும் கொண்டுவந்தார். ஹான்ஸ் வெர்னர் ஹென்சே போன்ற இளைஞர்களுக்கும் இடமளித்தார். இறக்கும்வரை அத்தொடரை அவரே நடத்தினார். இன்றும் அது மியூனிக்கில் நடந்துவருகிறது. தமக்கு மறுத்துக்கொண்ட மேடையைப் பிறருக்குத் திறந்துவிட்டாரே, அதுதான் அவருடைய மௌனம் கோழைத்தனமன்று என்பதற்கு எனக்குக் கிடைத்த பெரிய சான்று.

எட்டு சிம்பொனிகளை அவர் நமக்குத் தந்து சென்றார். 1963 டிசம்பர் 5இல், 58ஆம் வயதில் காலமானார். ஓர் ஆண்குரலுக்கும் இசைக்குழுவுக்குமாக அவர் எழுதிக்கொண்டிருந்த கடைசிப் படைப்பு முற்றுப்பெறவில்லை. இசை அமைக்கப்படாமல் நின்ற இறுதி வரிகளைப் பாடகர் பாடாமல் பேசி முடிப்பதே இன்றும் வழக்கம். வேறு ஒருவரைக் கொண்டு அதை நிரப்பாமல் விட்டது எவ்வளவு பொருத்தம்!

அன்புத் தோழியரே, நமக்கு இட்லர் இல்லை, முகாம் இல்லை. ஆனால் கைதட்டும் கைகள் இருக்கின்றன. வகுப்பில் ஒருத்தியின் நிறத்தையோ திக்குவாயையோ பழைய பாவாடையையோ காட்டி ஒருத்தி கேலி பேசும்போது, சிரிக்கும் நாற்பது பேர்தானே அவளுக்கு மேடை? எழுந்து நின்று தட்டிக்கேட்கும் துணிவு இருந்தால் மிக நன்று. அது இல்லாதவளுக்கும் சிரிக்காமல் இருக்க முடியும். அதை முதலில் செய்வோம். பிறகு, கேலிக்கு ஆளானவளின் அருகில் போய் அமர்வோம்.

பெற்றோருக்கும் அருட்சகோதரிகளுக்கும் ஒரு சிறு விண்ணப்பம். எங்கள் இசை வகுப்பில் மாதம் ஒருமுறையேனும் இத்தகைய இசையைக் கேட்க எங்களுக்கு வாய்ப்பளியுங்கள். இனிமையான பாடல்களை நாங்களே தேடிக் கேட்டுக்கொள்வோம். கேட்கக் கடினமான இசைக்குத்தான் ஓர் ஆசிரியை அருகில் இருக்க வேண்டும்.

— பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி