ஸ்ரீரங்கத்துக்கு யார் ஆள் அனுப்புவது?

இடைத்தேர்தல் வந்தாலே, "இவ்வளவு செலவு எதற்கு, ஜெயித்த கட்சியே ஒருவரை நியமித்துக்கொள்ளட்டுமே" என்ற பேச்சும் கிளம்பிவிடுகிறது. அப்படிப் பேசுகிறவர்களுக்கு ஸ்ரீரங்கமே நல்ல சான்று. சொத்துக்குவிப்பு வழக்கில் 2014 செப்டம்பர் 27 அன்று தண்டிக்கப்பட்ட முதல்வர் ஜெயலலிதா, ஸ்ரீரங்கம் எம்.எல்.ஏ. பதவியையும் இழந்தார். 2015 பிப்ரவரி 13இல் இடைத்தேர்தல். அமைச்சர்கள் தொகுதியிலேயே முகாமிட்டார்கள். ஜெயலலிதாவின் கட்சியைச் சேர்ந்த எஸ். வளர்மதி 96,516 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். 2011இல் ஜெயலலிதாவுக்குக் கிடைத்த வித்தியாசம் 41,848தான். பொதுத்தேர்தலுக்கோ ஓராண்டும் சில மாதங்களுமே மீதி.

ஆளும் கட்சியின் பலம் அந்தத் தேர்தலை அமுக்கியது உண்மை. அதற்கு மருந்து நியமனம் அல்ல. 2011 மே மாதம் அமைச்சர் மரியம் பிச்சை சாலை விபத்தில் இறந்தபோது திருச்சி மேற்கு காலியானது. அவரிடம் தோற்றிருந்த கே.என். நேரு அக்டோபர் இடைத்தேர்தலில் மறுபடி நின்றார், தோற்றார். ஆனால் தோற்றவரும் மக்களிடம் திரும்பவும் கேட்க முடிந்தது. நியமனத்தில் அந்த வாசலே கிடையாது. நியமிக்கப்பட்டவர் தன்னை அனுப்பியவருக்கே கடன்பட்டவர். அமெரிக்காவில் ஒபாமா விட்டுச்சென்ற செனட் இடத்தை விலைபேசியதாக இல்லினாய் ஆளுநர் பிளாகோயெவிச் 2008இல் கைதானார். பிறகு தண்டனையும் பெற்றார். நியமிக்கும் அதிகாரம் அவர் ஒருவர் கையில் இருந்ததால்தான் பேரம் பேச முடிந்தது.

அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். 2016 அக்டோபரில் நடக்கவிருந்த உள்ளாட்சித் தேர்தலின் அறிவிப்பை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2022 பிப்ரவரி வரை திருச்சி மாநகராட்சிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமே இல்லை. தனி அலுவலர் ஆட்சிதான். 1994 வரை தனி நகராட்சியாக இருந்த ஸ்ரீரங்கத்துக்கும் ஐந்தாண்டுக்கு மேல் ஒரு கவுன்சிலர்கூட இல்லை. சாக்கடை அடைத்தால் வார்டுக்காரர் யார் வீட்டுக் கதவைத் தட்டியிருப்பார்? அதிகாரி நேர்மையானவராகவே இருந்திருக்கலாம். ஆனால் அடுத்த தேர்தலில் அவரை வீட்டுக்கு அனுப்பும் உரிமை வார்டுக்காரருக்கு இல்லை.

காலியான சட்டமன்ற இடத்தை ஆறு மாதத்துக்குள் தேர்தல் வைத்து நிரப்பச் சொல்கிறது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 151ஏ பிரிவு. அதிலும் விலக்குகள் உண்டு; பதவிக்காலம் ஓராண்டுக்குக் குறைவாக மிஞ்சினால் தேர்தல் கட்டாயமில்லை. இந்த விலக்குகளை இன்னும் குறுக்க வேண்டும். இடைத்தேர்தல் அறிவித்த நாள் முதல் அமைச்சர்கள் தொகுதியில் முகாமிடுவதற்கும் தடை வேண்டும். ஸ்ரீரங்கம் தொகுதிக்குள்ளேயே இருக்கும் அந்தநல்லூர், மணிகண்டம் ஒன்றிய ஊராட்சிகளில் 2025 ஜனவரி 5 அன்று பதவிக்காலம் முடிந்ததும் மறுபடி தனி அலுவலர்களே வந்தார்கள். ஊராட்சிகளுக்கும் ஆறு மாதக் கெடுவை விதித்து, அதை மீறும் அரசை நீதிமன்றத்தில் பதில் சொல்ல வைக்க வேண்டும்.