போலீசார் எடுத்த பெட்டி. கோர்ட்டில் போட்ட பூட்டு!

வீட்டில் மகள் மட்டும் இருந்தார். தந்தை வெளியூர் போயிருந்தார். காலை நேரம். கதவு தட்டும் சத்தம் கேட்டது. திறந்தால், வெளியே போலீசார்! கையில் சோதனை வாரண்டு.

இது நடந்தது நியூசிலாந்தின் தலைநகரான வெலிங்டனில். நாள், 2014 அக்டோபர் 2. அந்தத் தந்தையின் பெயர் நிக்கி ஹேகர். மறைவில் கிடக்கும் செய்திகளைத் தோண்டி எடுத்து எழுதும் பத்திரிகையாளர்.

அந்த ஆண்டு ஆகஸ்டு மாதம் அவர் ஒரு புத்தகம் வெளியிட்டார். "அழுக்கு அரசியல்" என்பது அதன் பெயருக்கு அர்த்தம். அப்போது பொதுத் தேர்தலுக்குச் சில வாரங்களே இருந்தன. இணையத்தில் அரசியல் எழுதும் ஒருவருக்கும், ஆளும் கட்சிக்காரர்கள் சிலருக்கும் இருந்த தொடர்பை அந்தப் புத்தகம் அம்பலப்படுத்தியது. ஆதாரம்? அந்த இணைய எழுத்தாளரின் மின்னஞ்சல்கள். யாரோ அவற்றைத் திருடி, ஹேகரிடம் சேர்த்திருந்தார்கள்.

பறிகொடுத்தவர் போலீசில் புகார் செய்தார். மற்றவர் கடிதங்களைத் திருடுவது எந்த நாட்டிலும் குற்றம்தான். போலீசார் விசாரித்ததில் தப்பில்லை. ஆனால் ஹேகரைத் திருடன் என்று அவர்கள் சொல்லவில்லை. அவர் வெறும் சாட்சி. திருடியவன் பெயர் அவருக்குத் தெரியும் என்று நினைத்தார்கள். அதற்காகத்தான் சோதனை.

10 மணி நேரச் சோதனை

சோதனை 10 மணி நேரத்துக்கு மேல் நடந்தது. கம்ப்யூட்டர்கள், காகிதங்கள் எல்லாம் கட்டி எடுக்கப்பட்டன.

அதற்குள் ஹேகருக்கு டெலிபோனில் தகவல் போனது. "இவை பத்திரிகையாளரின் ரகசியங்கள். எனக்குச் செய்தி கொடுத்தவர்களைக் காட்டிக் கொடுக்க முடியாது" என்று அவர் உரிமை கோரினார்.

இங்கேதான் சட்டம் குறுக்கே வந்தது. நியூசிலாந்தில் 2012-ம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. இப்படி ஒருவர் உரிமை கோரினால், போலீசார் பொருளை எடுக்கலாம். ஆனால் பார்க்கக் கூடாது. அதற்கு சீல் வைத்து, கோர்ட்டில் ஒப்படைக்க வேண்டும். உரிமை உண்டா, இல்லையா என்று நீதிபதி சொல்லும்வரை பிரிக்கக் கூடாது.

இது யாருக்கும் வெற்றி அல்ல, யாருக்கும் தோல்வி அல்ல. போலீசாரின் வழக்கு அழியவில்லை. சாட்சியம் பத்திரமாக இருக்கிறது. ஹேகரின் ரகசியமும் வெளியே போகவில்லை.

ஏன் இத்தனை அவசரம்?

வாரண்டு செல்லாது என்று பின்னால் தீர்ப்பு வந்தால் போதாதா? போதாது. நகையை எடுத்தால் திருப்பித் தரலாம். பணத்தை எடுத்தால் வட்டியோடு தரலாம். கடிதத்தைப் படித்துவிட்டால்? காகிதம் திரும்பி வரும். படித்தவர் மனதில் பதிந்தது திரும்பி வருமா?

இன்னொன்றும் உண்டு. ஒரு பத்திரிகையாளரின் கம்ப்யூட்டரில் ஒரே ஒரு ஆளின் பெயரா இருக்கும்? பல ஆண்டுகளாக, பல விஷயங்களுக்காக அவரை நம்பிப் பேசியவர்கள் எல்லோரும் அதில் இருப்பார்கள். மேலதிகாரியின் தப்பைச் சொன்ன குமாஸ்தா இருக்கலாம். முதலாளிக்குத் தெரியாமல் பேசிய தொழிலாளி இருக்கலாம். மின்னஞ்சல் திருட்டுக்கும் அவர்களுக்கும் என்ன சம்பந்தம்? ஒருவனைத் தேடப் போய், அத்தனை பேரும் வெளிச்சத்துக்கு வந்துவிடுவார்கள்.

வழக்கு ஒரு வருடத்துக்கு மேல் நீடித்தது. 2015 டிசம்பரில் ஐகோர்ட்டு நீதிபதி கிளிஃபோர்டு தீர்ப்புச் சொன்னார். வாரண்டு அடிப்படையிலேயே சட்ட விரோதம்! காரணம் என்ன? வாரண்டு கேட்டபோது, இது பத்திரிகையாளர் வீடு, ரகசிய உரிமைப் பிரச்சினை வரும் என்பதை வாரண்டு கொடுத்த நீதிபதிக்குப் போலீசார் சரியாக எடுத்துச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவர் யோசித்திருப்பார் அல்லவா?

பூட்டும் முழுப் பூட்டாக இருக்கவில்லை. ஹேகர் உரிமை கோரிய பிறகும், சோதனையின்போது சிலவற்றைப் போலீசார் போட்டோ எடுத்தார்கள், நகலும் எடுத்தார்கள். அது தப்பு என்று பிறகு ஒப்புக்கொண்டார்கள். 2018-ல் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டு, நஷ்டஈடும் கொடுத்தார்கள்.

பக்கத்து நாட்டில் நடந்தது

ஆஸ்திரேலியாவில் கதை வேறு. 2019 ஜூன் 4-ந் தேதி, கான்பெராவில் பெண் பத்திரிகையாளர் அன்னிகா ஸ்மெதர்ஸ்ட் வீட்டில் போலீசார் நுழைந்தார்கள். சொந்த நாட்டு மக்களையே வேவு பார்க்க ஒரு சர்க்கார் அமைப்புக்கு அதிகாரம் கொடுக்கும் யோசனை பற்றி, 2018-ல் அவர் எழுதியிருந்தார். அவருடைய செல்போனைப் போலீசார் ஆராய்ந்து, வேண்டியதை நகல் எடுத்துக்கொண்டார்கள்.

வழக்கு அந்த நாட்டின் மிக உயர்ந்த கோர்ட்டுக்குப் போனது. 2020 ஏப்ரலில் தீர்ப்பு வந்தது. 7 நீதிபதிகளும் ஒரே குரலில் "வாரண்டு செல்லாது" என்றார்கள். என்ன குற்றம் என்பதே அதில் சரியாக எழுதப்படவில்லை.

அப்படியானால் நகலை அழிக்க வேண்டியதுதானே? அங்கேதான் நீதிபதிகள் பிரிந்தார்கள். "போலீசாரிடமே இருக்கக் கூடாது" என்றவர்கள் 3 பேர். "அப்படி உத்தரவிட முடியாது" என்றவர்கள் 4 பேர். வழக்கில் ஜெயித்தும், கேட்டது கிடைக்கவில்லை.

மறு மாதம், ஸ்மெதர்ஸ்ட் மீது வழக்குப் போடப் போவதில்லை என்று போலீசார் அறிவித்தார்கள்.