மாத்தளை மலையின் ஓணான்களும் வளர்ப்பகச் சான்றிதழும்

வழமைக்கு மாறான வரிகளைக் கொண்ட பாம்பொன்று கிடைத்தால், அது பரம்பரை இயல்பா, அன்றி முட்டை அடைகாக்கப்பட்டபோது ஏற்பட்ட வெப்பநிலை மாற்றத்தின் விளைவா என்பதை அறிய, மேலைநாட்டு வளர்ப்பாளர்கள் அதனைச் சாதாரணப் பாம்புடன் இணைக்கின்றனர். முதற் தலைமுறைக் குட்டிகள் யாவும் சாதாரணமாகவே தோன்றி, அவற்றைத் தமக்குள் இணைக்கும்போது ஏறத்தாழ நான்கிலொரு குட்டியில் அவ்வரிகள் மீண்டும் வெளிப்படுமாயின், அது பின்னிடைவான மரபணுவின் செயலாகும். ஆபிரிக்காவின் அரச மலைப்பாம்பில் வெண்ணிற வகை 1992ஆம் ஆண்டு அமெரிக்காவில் இவ்வாறே கூண்டில் பிறந்தது. 'ஸ்பைடர்' எனும் வகையோ தலை நடுங்கும் நரம்புக் குறைபாட்டையும் சேர்த்தே சுமக்கின்றது. வாங்குவோருக்கு அது அழகு!

இதில் எமக்கென்ன என்று மாத்தளை மக்கள் கேட்கலாம். அரிய ஊர்வனவற்றைத் தேடும் இதே சந்தையின் பார்வை நக்கிள்ஸ் மலைத்தொடரிலும் படிந்துள்ளது. மூக்கு நுனியில் இலைபோன்ற உறுப்பைக் கொண்ட ஓணானும், 2006ஆம் ஆண்டு தனி இனமாக விபரிக்கப்பட்ட தும்பரக் குள்ள ஓணானும் உலகில் வேறெங்கும் இல்லை. ஏலக்காய்ச் செய்கையால் ஏற்கனவே சிதைந்த காட்டில் எஞ்சியிருப்பவை அவை.

அருகிவரும் உயிரினங்களின் வர்த்தகம் பற்றிய சைட்டிஸ் மாநாடு 2019 மே மாதம் கொழும்பில் நடைபெறவிருந்தது. உயிர்த்த ஞாயிறு தாக்குதலையடுத்து அது ஓகஸ்டில் ஜெனீவாவில் கூடியது. இலங்கையின் வேண்டுகோளுக்கிணங்க இவ்விரு இனங்களும் அங்கு முதலாம் பட்டியலில் சேர்க்கப்பட்டன.

எனினும் கதவு முற்றாக மூடப்படவில்லை. முதலாம் பட்டியல் விலங்காயினும், பதிவுபெற்ற வளர்ப்பகத்தில் பிறந்ததாயின் தளர்வான விதிகளின்கீழ் அதனை விற்கலாம். குட்டி கூண்டில் பிறந்தது மெய்யாகவே இருக்கட்டும். அதன் பெற்றோர் இந்நாட்டிலிருந்து எவ்வாறு வெளியேறின? வர்த்தகத்துக்காக இவற்றை ஏற்றுமதி செய்ய எமது சட்டம் இடமளிப்பதில்லையே!

ஒரு வரியின் மூலத்தைத் தேடித் தலைமுறைகளைப் பதிந்து வைப்போருக்கு முதற் சோடியின் மூலத்தைக் காட்டுவது இயலாத காரியமன்று. பெற்றோரை உறுதிப்படுத்த மரபணுப் பரிசோதனையும் உண்டு. ஆகவே நிரூபிக்கும் பொறுப்பு விற்பவரையே சாரவேண்டும் என இலங்கை அடுத்துவரும் சைட்டிஸ் மாநாடுகளில் வற்புறுத்த வேண்டும். இன்றேல், சொற்பப் பணத்துக்காக ஓணானைப் பிடித்துக் கொடுக்கும் கிராமத்து இளைஞன் மாத்திரம் நீதிமன்றில் நிற்க, அதன் வாரிசுகளை விற்பவர் சான்றிதழுடன் நடமாடுவார்.