கோட்டைக்குச் சுண்ணாம்பு, கூலிக்காரன் வீட்டுக்குப் பவுடர் பூச்சா?

ஐப்பசி, கார்த்திகை அடைமழை ஓய்ந்ததும் ஒரு பிரசங்கம் ஆரம்பமாகிவிடுகிறது. நாகை, வேதாரண்யம், சீர்காழிப் பக்கத்துக் காலனிகளில் எங்கேயாவது ஒரு சுவர் சரிகிறது. ஜீப் வருகிறது. இறங்கும் அதிகாரி சுவரைப் பார்ப்பதற்கு முன்னால் குடியிருப்பவன் முகத்தைப் பார்க்கிறார். சர்க்கார் வீடு கட்டிக் கொடுத்தது, உங்களுக்குப் பராமரிக்கத் தெரியவில்லை என்கிறார். சுவரில் ஆணி அடிக்கிறீர்கள், ஓரத்தில் ஆடு கட்டுகிறீர்கள், பாத்திரம் கழுவிய தண்ணீரை அங்கேயே கொட்டுகிறீர்கள் என்று அடுக்குகிறார். கூட வந்த கண்டிராக்டர் ஆமாம் போடுகிறார்.

ஆணி அடித்துச் சுவர் விழுந்ததாம்! ஆடு கட்டி அஸ்திவாரம் இறங்கியதாம்! கேட்கிறோம்: இந்த ஜில்லாவில் உள்ள மாளிகைகளுக்குக் கல் சுமந்தது யார்? கலவை குழைத்தது யார்? கரணை பிடித்தது யார்? காலனியில் குடியிருக்கும் கொத்தனாரும் சித்தாளும்தானே? ஊரான் சுவரை நூலும் தூக்குக்குண்டும் பிடித்து நிமிர்த்துகிற கைக்குத் தன் வீட்டுச் சுவரைப் பராமரிக்கத் தெரியாதா? நன்றாகத் தெரியும். அவனிடம் இல்லாதவை இரண்டு. ஒன்று, கையில் காசு. மற்றது, ஆரம்பத்திலேயே ஒழுங்காகக் கட்டப்பட்ட சுவர்.

விஷயத்தைத் திட்டவட்டமாகப் பார்ப்போம். விளக்குத் திரி எண்ணெயை உறிஞ்சுவது போல, செங்கல் தரையிலுள்ள ஈரத்தை உறிஞ்சி மேலே ஏற்றுகிறது. இதைத்தான் ஓதம் ஏறுகிறது என்கிறோம். கடலோரத்தில் அந்த ஈரம் உப்பு ஈரம். வெயில் அடித்ததும் தண்ணீர் ஆவியாகப் போய்விடும், உப்பு போகாது. சுவரின் தோலுக்குள்ளேயே அது உறைந்து, பருத்து, உள்ளிருந்து நெம்புகிறது. பூச்சு பொரிகிறது. செங்கல் மாவாக உதிர்கிறது. காலையில் பெருக்கினால் சுவரடியில் ஒரு முறம் செம்மண் தூள் சேருகிறதே, அது உங்கள் வீட்டுச் சுவர்தான்! இதைத் தடுக்க, தரைமட்டத்துக்கு மேலே ஈரம் தாண்டாத ஓர் அடுக்கு போட வேண்டும். மேஸ்திரிகள் டி.பி.சி. என்பார்கள். இது தெரியாத கண்டிராக்டர் கிடையாது. பழைய காலனி வீடு ஒன்றில் அடிச்சுவரைக் கொஞ்சம் சுரண்டிப் பார்த்து, அந்த அடுக்கு இருக்கிறதா என்று நீங்களே தேடுங்கள். எஸ்டிமேட்டில் இருக்கும். சுவரில் இருக்காது.

இந்த நோய்க்கு நடக்கும் வைத்தியத்தைப் பாருங்கள். உதிர்ந்த இடத்தை அரைகுறையாகச் சுரண்டுகிறார்கள். ஈரம் காய்வதற்குள் அதன்மேல் கெட்டியாகச் சிமெண்ட் கலவையை அறைந்து பூசுகிறார்கள். மேலே மஞ்சளோ பச்சையோ பெயிண்ட். படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். காய்ச்சல்காரன் முகத்துக்குப் பவுடர் பூசி, உடம்பு தேறிவிட்டது என்று எழுதிக்கொடுப்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

சிமெண்ட் பூச்சு இறுகிய பூச்சு. சுவர் மூச்சு விடுவதை அது அடைத்துவிடுகிறது. முழங்கால் உயரத்தில் வெளியேறிக்கொண்டிருந்த ஈரம், வழி இல்லாமல் இடுப்புக்கு ஏறும், அப்புறம் மார்புக்கு ஏறும். இரண்டு மழைக்காலம் போனதும் விரலை மடக்கித் தட்டிப் பாருங்கள். பொத்தென்று வெற்றுச் சத்தம் கேட்டால் பூச்சு வேறு, சுவர் வேறு என்று ஆகிவிட்டது. மண் சாந்தில் கட்டிய பழைய சுவரானால் அபாயம் இன்னும் பெரிது. சிமெண்ட் பூச்சில் மயிரிழை விரிசல் ஒன்று போதும். அதன்வழி இறங்கிய மழை வெளியே வர வழியின்றி உள்ளே மண்ணைக் கரைக்கிறது. வெளியே பெயிண்ட் பளபளக்கும், உள்ளே சேறு. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை ஏறியபோது இப்படிப்பட்ட சுவர்கள் எதை நம்பி நிற்கும்? 1952லும் 1977லும் புயல் பார்த்த பூமி இது. புயல் புதிதல்ல, எதிர்பாராத விபத்தும் அல்ல.

அப்படியானால் கடலோரத்தில் செங்கல் சுவரே நிற்காதா? தரங்கம்பாடிக்குப் போய்ப் பாருங்கள் தோழர்களே! டேனிஷ்காரர்கள் 1620ல் கட்டிய கோட்டை அலை அடிக்கும் கரையிலேயே இன்னும் நிற்கிறது. செங்கல்லும் சுண்ணாம்பும்தான். அதே உப்புக் காற்று, அதே கார்த்திகை மழை. 2004 சுனாமிக்குப் பிறகு அந்த ஊரின் பழைய மாளிகைகள் சிலவற்றைப் பழுது பார்த்தார்கள். எதைக் கொண்டு? சிமெண்டைச் சுரண்டி எறிந்துவிட்டு, சுண்ணாம்புச் சாந்தைக் குழைத்துப் பூசினார்கள். பழைய சுவருக்குச் சிமெண்ட் ஆகாது, சுண்ணாம்புதான் மூச்சு விடும் என்று நிபுணர்கள் சொன்னார்கள். சரியாகவே சொன்னார்கள். மாளிகை பிழைத்தது, நமக்கு ஆட்சேபணை இல்லை.

ஆனால் அந்த ஞானம் உப்பனாற்றைத் தாண்டிக் காலனிக்குள் மட்டும் ஏன் வருவதில்லை? டூரிஸ்டு வந்து படுக்கும் பங்களாச் சுவருக்குப் பத்து நாள் ஊறிய சுண்ணாம்பு. நடவு நட்டுக் கதிர் அறுக்கிறவள் பிள்ளை பெற்றுப் படுக்கும் சுவருக்கு ஒரே நாளில் சிமெண்ட் பூச்சா? சுண்ணாம்பு வேலைக்கு நாள் பிடிக்கும், கைத்திறன் வேண்டும், கூலி அதிகம் கொடுக்க வேண்டும். சிமெண்ட் மூட்டைக்குப் பில் எழுதுவது சுலபம். ரகசியம் இவ்வளவுதான்! சிமெண்ட் கம்பெனிகளின் யோக்கியதையை நாம் சொல்ல வேண்டியதில்லை. கூடிப் பேசி விலையை ஏற்றியதாகச் சொல்லி, 2012லும் மறுபடி 2016லும் மத்திய சர்க்காரின் போட்டி ஆணையமே ஆறாயிரம் கோடிக்கு மேல் அபராதம் விதித்தது. கம்பெனிகள் கோர்ட்டுக்குப் போயின. மூட்டை வாங்குகிற நாம் எந்தக் கோர்ட்டுக்குப் போவது?

இந்த வீடுகள் தானமாகக் கிடைத்தவை அல்ல என்பதையும் பிரசங்கிகள் நினைவில் வைக்கட்டும். பண்ணையார் மனைக்கட்டில் குடிசை போட்டிருந்தவன், கெட்டிச் சுவர் எழுப்பினால் துரத்தப்படுவோம் என்று பயந்த காலம் ஒன்று இருந்தது. கீழவெண்மணியில் 1968 டிசம்பர் 25 இரவு 44 உயிர்கள் குடிசையோடு சாம்பலாயின. குடியிருப்பு மனை உழைப்பவனுக்கே சொந்தம் என்ற சட்டம் 1971ல் வந்தது. இரத்தம் கொடுத்து வாங்கிய மனையில் எழும்பிய சுவர் இது. அதில் மணலையும் சிமெண்டையும் திருடியவன் யாரோ, பழி ஆட்டுக்கா?

பட்டணத்து ஆலைத் தொழிலாளி இது கிராமத்துச் சங்கதி என்று இருந்துவிட வேண்டாம். திருவொற்றியூரில் 1993ல் கட்டிய வாரியக் குடியிருப்பு ஒன்று 2021 டிசம்பர் 27 அன்று 24 வீடுகளோடு சரிந்தது. விரிசலைப் பார்த்து ஜனங்கள் தாங்களே வெளியேறியதால் உயிர்ச்சேதம் இல்லை. அதே ஆண்டு ஆகஸ்டில் புளியந்தோப்பில் புத்தம் புதுக் குடியிருப்பின் பூச்சு, விரலால் தொட்டாலே உதிர்ந்ததை நாடே பார்த்தது. அங்கே யார் ஆடு கட்டினார்கள்?

2024ல் மாநில சர்க்கார் ஓர் அறிவிப்புச் செய்தது. 2000-01க்கு முன் கட்டிய ஊரக வீடுகளில் 2.5 லட்சம் வீடுகளை இரண்டு ஆண்டில் 2000 கோடி ரூபாயில் பழுது பார்ப்பதாகச் சொன்னது. வரவேற்க வேண்டியதுதான். சராசரி வீட்டுக்கு 80 ஆயிரம் ரூபாய். இந்த மாதிரிப் பணம் வரும்போதெல்லாம் அது சுவரின் காலுக்குப் போகிறதா, முகத்துக்குப் போகிறதா என்பதே கேள்வி. ஆகவே நல்ல வேலை எது என்பதை நாம் ஒவ்வொருவரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். தெரிந்தவனை ஏமாற்றக் கண்டிராக்டர் யோசிப்பான்.

முதல் வேலை கொத்தனார் வேலை அல்ல, மண்வெட்டி வேலை. சுவரைச் சுற்றி ஏறிக் கிடக்கும் மண்ணை வெட்டி எடுத்து, தண்ணீர் வீட்டை விட்டு வெளியே ஓடும்படி சரிவும் வாய்க்காலும் போட வேண்டும். இங்கே இன்னொரு அக்கிரமம் உண்டு. ரோடு போடுகிறேன் என்று பழைய ரோட்டின் மேலேயே ஜல்லி கொட்டிக் கொட்டித் தெருவை உயர்த்திவிடுகிறார்கள். வாசற்படி குழியில் போய்விடுகிறது; தெருத் தண்ணீர் முழுதும் உள்ளே. பழைய தளத்தைச் சுரண்டிவிட்டுத்தான் ரோடு போட வேண்டும் என்று 2021 மே மாதம் தலைமைச் செயலாளரே உத்தரவு அனுப்பினார். அந்த உத்தரவைக் காட்டிக் கேளுங்கள்.

அடுத்தது கூரை ஒழுக்கும் சன்ஷேடும். மேலே ஒழுகிக்கொண்டிருக்கக் கீழே பூசுவது வீண். பிறகு, ஓதம் ஏறிய கறைக்கு மேலே ஒரு முழம் வரை பூச்சு முழுவதையும் தட்டி எடுக்க வேண்டும். செங்கல் இடைச்சந்துகளில் உளுத்த சாந்தை முக்கால் அங்குலமாவது குடைந்தெடுக்க வேண்டும். பூத்த உப்பைக் காய்ந்த பிரஷ்ஷால் துடைத்தெடுங்கள். கழுவாதீர்கள், கழுவினால் உப்பு மறுபடி உள்ளே போகும். அப்புறம் சுவர் காய வேண்டும். இரண்டு நாள் போதாது, வாரக் கணக்கில் காய வேண்டும். அதனால்தான் தை அறுவடைக்குப் பின் வேலை தொடங்கி ஆடிக்குள் முடிய வேண்டும் என்கிறோம். புரட்டாசியில் பில் பாஸாக்க அவசரமாகப் பூசும் பூச்சு, கார்த்திகையில் பெயர்ந்துவிடும்.

மண் சாந்து, சுண்ணாம்புச் சாந்துச் சுவர் என்றால் ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு மணல். கிளிஞ்சல் சுண்ணாம்பு நம் கரையிலேயே சுட்ட சரக்குத்தானே! ஈரம் அதிகமான இடத்தில் மணலில் ஒரு பகுதிக்குப் பதில் செங்கல் சுர்க்கி. சிமெண்டில் கட்டிய காலனிச் சுவர் என்றால் ஒன்று சிமெண்ட், ஒன்று சுண்ணாம்பு, ஆறு மணல். எதுவானாலும் மணலும் தண்ணீரும் உப்புக் கரிக்கக் கூடாது. நாக்கில் வைத்துப் பாருங்கள், லேபரட்டரி வேண்டாம். ஈரச் சாக்கு கட்டி வெயில் படாமல் ஒரு வாரமாவது பதமாக வைத்திருங்கள். மேலே பெயிண்ட் வேண்டாம், வெள்ளை அடித்தால் போதும். டி.பி.சி. இல்லாத சுவரில் அதைப் பின்னாலும் செருகலாம். ஆனால் இரண்டு மூன்று அடி நீளமாக, ஒரு துண்டு விட்டு ஒரு துண்டாக அறுத்துத்தான் செய்ய வேண்டும். ஒரேயடியாக அறுத்தால் வீடு தலையில் விழும். கைதேர்ந்த கொத்தனார் இல்லாமல் தொடாதீர்கள்.

விரிசல் விட்டிருந்தால் அதன் குறுக்கே ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டை இரண்டு பக்கமும் சாந்து வைத்து ஒட்டி, தேதி எழுதுங்கள். கண்ணாடி உடைந்தால் சுவர் இன்னும் நகர்கிறது என்று அர்த்தம். பூச்சு அதற்கு மருந்தல்ல. என்ஜினீயரை அழைத்து வந்து எழுத்தில் வாங்குங்கள். தூக்குக்குண்டு விட்டுப் பார்த்துச் சுவர் வெளியே சாய்ந்திருந்தால் அன்றிரவே குழந்தைகளை அங்கே படுக்க வைக்காதீர்கள். சொந்தச் சுவரை மட்டும் பார்த்தால் போதாது. மேட்டுப்பாளையம் நடூரில் 2019 டிசம்பர் 2 விடியற்காலை 17 பேரைக் கொன்றது அவர்கள் வீட்டுச் சுவர் அல்ல. பக்கத்துப் பங்களாவின் சுமார் 20 அடி உயர மதில், மழையில் ஊறித் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மேல் விழுந்தது. அந்த 17 பேருக்கும் சுவர் பராமரிக்கத் தெரியவில்லை என்று சொல்லும் துணிச்சல் இந்தப் பிரசங்கிகளுக்கு உண்டா?

மே 1 அன்று கிராம சபை கூடுகிறது. மழைக்கு இன்னும் ஐந்து மாதம் இருக்கும் நேரம். நமது சங்கக் கிளைகள் அதற்கு முன்பே வீடு வீடாகப் போய், தட்டிப் பார்த்து, எந்தச் சுவர் வெற்றுச் சத்தம் போடுகிறது, எது சாய்ந்திருக்கிறது என்று பட்டியல் எடுக்க வேண்டும். சபையில் தீர்மானமாக எழுதிக் கொடுக்க வேண்டியது இது: பூச்சு முழுதும் தட்டி எடுத்த நிலையில் என்ஜினீயர் வந்து சுவரைப் பார்த்த பிறகே மறுபூச்சு. பழைய சுவருக்குச் சுண்ணாம்புக் கலவை, அதற்கான கூலியோடு எஸ்டிமேட். வேலை காலனியிலுள்ள கொத்தனாருக்கும் சித்தாளுக்கும். அளவுப் புத்தகத்தின் நகல் குடியிருப்பவர் கையில். ஒரு மழைக்காலம் கழிந்து சுவரைத் தட்டிப் பார்க்கும் வரை, கண்டிராக்டரின் டெபாசிட் பணத்தைத் திருப்பித் தரக் கூடாது.