ஒரு நாள் மலைக்கு ஸ்வெட்டர் எதுக்கு?



ஜனவரியில் இயற்கை மன்றத்தார் கொடைக்கானலுக்கு ஒரு நாள் மலைநடை போகப்போவதாக அறிவிப்புப் பலகையில் போட்டிருக்கிறதே, எல்லோரும் படித்திருப்பீர்கள். அதன் கடைசி வரி: "மதிய உணவும் தண்ணீர் பாட்டிலும் கொண்டு வரவும்." அவ்வளவுதான். அந்த ஒரு வரி பத்தாது என்பது என் கருத்து. (எழுதிய சார் கோபித்துக்கொள்ள வேண்டாம். நானும் போன வருஷம் அப்படித்தான் நினைத்தேன்.)

போன வருஷம் அரையாண்டு லீவில் சித்தப்பா வீட்டோடு கொடைக்கானல் போனோம். வட்டக்கானலிலிருந்து டால்பின் நோஸ் பாறை வரை நடந்து திரும்புவதாகத் திட்டம். எங்கள் பையில் ஆறு சிப்ஸ் பாக்கெட், ஒரு கிலோ மக்ரூன், ஒரு கலர் பாட்டில், ஒரு டென்னிஸ் பந்து இருந்தன. பந்து எதற்கு என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. நான் ஜீன்ஸும் ரப்பர் செருப்பும் போட்டிருந்தேன். ஸ்வெட்டரா? மார்கழி ராத்திரியிலும் ஃபேன் போட்டுத் தூங்குகிற ஊர் நம்ம தூத்துக்குடி. இங்கே ஸ்வெட்டருக்கு எங்கே போவது?

போகும்போது நல்ல வெயில். பாதை முழுக்க இறக்கம், மரத்து வேர்கள்தான் படிக்கட்டு. இறங்குகிறவனுக்கு ஏற வேண்டிய பாடு தெரியாது. மூன்று மணி வாக்கில் பள்ளத்திலிருந்து மூடுபனி ஏறி வந்தது. முன்னால் போகிறவன் முதுகு தெரியவில்லை. பிறகு தூறல் பிடித்தது. ஜீன்ஸ் ஈரச்சாக்கு மாதிரி கனத்தது. ஏழாம் வகுப்பு படிக்கிற சித்தப்பா மகன் வெடவெடவென்று நடுங்கினான். நாங்கள் சிரித்தோம், உண்மையைச் சொல்ல வேண்டுமே. கொஞ்ச நேரத்தில் அவனுக்குப் பேச்சு குழறியது. "இங்கனயே உக்காந்துக்கிடுதேண்ணே, தூக்கம் வருது" என்றான். அப்போதும் எனக்கு விளங்கவில்லை.

வழியில் டீக்கடை போட்டிருந்த ஒரு அக்காவுக்குத்தான் விளங்கியது. எங்களைத் திட்டிக்கொண்டே அவனுடைய ஈரச்சட்டையைக் கழற்றினார். தலையைத் துவட்டி, தன் சால்வையைச் சுற்றி, அடுப்புப் பக்கம் உட்கார வைத்து, சீனி தூக்கலாக டீ கொடுத்தார். அரை மணி நேரம் கழித்துத்தான் அவன் ஒழுங்காகப் பேசினான்.

ஊருக்கு வந்து அறிவியல் சாரிடம் கேட்டேன். ஆயிரம் மீட்டர் உயரம் ஏறினால் சுமார் 6 டிகிரி வெப்பம் குறையுமாம். கொடைக்கானல் 2,100 மீட்டருக்கும் மேலே. அப்படியானால் இங்கே 29 டிகிரி இருக்கும் பகலில் அங்கே 16, 17தான் இருக்கும். அதோடு ஈரத்துணியும் காற்றும் சேர்ந்தால் உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். ஆள் விறைக்கப் பனிக்கட்டி விழ வேண்டும் என்பதில்லை. பருத்தித் துணி நனைந்தால் லேசில் காயாது, ஜீன்ஸும் பருத்திதான். அதைவிட நம் பி.டி. பீரியடில் போடுகிற பாலியஸ்டர் ஜெர்சி எவ்வளவோ மேல், சீக்கிரம் காய்ந்துவிடும். பைக்குள் கெட்டியான கவரில் சுற்றி வைத்த ஒரு ஸ்வெட்டர், ஒரு காதுக்குல்லா, ஒரு மழைக்கோட்டு, கால் வழுக்காத ஷூ, மாற்றுக்கு ஒரு ஜோடி சாக்ஸ். எனக்குத் தெரிந்து இவைதான் சாப்பாட்டுக்கும் முந்தி. குடை வேண்டாம், மலைக்காற்றுக்கு அது நிற்காது.

சாப்பாட்டில் நமக்குக் கவலையே இல்லை. கோவில்பட்டி கடலைமிட்டாயும் உடன்குடி கருப்பட்டியும் நம்ம மாவட்டத்திலேயே கிடைக்கும்போது வேறென்ன வேண்டும்? மக்ரூனை மட்டும் கொண்டு போகாதீர்கள். எங்கள் மக்ரூன் ஈரக்காற்றில் நமுத்து, பை முழுக்கப் பசையாகிவிட்டது. குளிரில் தாகம் தெரியாது, அதற்காகத் தண்ணீர் குடிக்காமல் இருக்கக் கூடாது. செல்போன் டார்ச்சை நம்பாமல் தனி டார்ச் ஒன்று, ஒரு விசில். விசில் பி.டி. சாரிடம் இரவல் கேட்கலாம்.

"ஒரு நாள்தானலே, எதுக்கு இவ்வளவு மூட்டை?" என்று என் பெஞ்சுக்காரனே கேட்கிறான். அவனுக்கு ஒரு கேள்வி. நம்ம ஊர் விசைப்படகுகள் காலை 5 மணிக்குக் கிளம்பி இரவு 9 மணிக்குள் கரை திரும்ப வேண்டும் என்பது விதி. அதுவும் ஒரு நாள்தானே? எங்க அப்பா அந்த ஒரு நாளைக்கு மூன்று நாள் தண்ணீர் ஏற்றிக்கொண்டு போகிறார். துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றினால் படகு போகாது. மலையடிவாரத்தில் கூண்டு ஏற்ற ஆள் கிடையாது. முதல் நாளே வானிலை அறிவிப்பைப் பார்த்து நாமே ஏற்றிக்கொள்ள வேண்டியதுதான்.

மழை மேலே பெய்யும், வெள்ளம் கீழே வரும். 2015 மே மாதம் சதுரகிரியில் பக்தர்களைக் காட்டாற்று வெள்ளம் அடித்துப் போனது. 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளத்தில் இறந்துபோன மாணவனுக்கு 17 வயது, நம்ம வயசு. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியதையும், ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலோடு ஜனங்கள் மாட்டிக்கொண்டதையும் நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? டிசம்பர், ஜனவரி என்றால் வடக்கே வெறும் குளிர். நமக்கு வடகிழக்குப் பருவமழையின் வாலும் சேர்ந்தது.

எங்க தாத்தா சங்கு குளித்தவர். (முத்துக் குளிப்பு நம்ம கடலில் 1961இல் நடந்ததோடு சரி.) மூழ்குகிறவரின் கயிற்றைத் தோணியில் ஒருவர் பிடித்திருப்பாராம். அது பெரும்பாலும் பெண்டாட்டியோடு கூடப்பிறந்த மச்சானாக இருக்குமாம். "தங்கச்சி புருஷன் தண்ணிக்குள்ள கெடக்கும்போது கயித்த விட்டுட்டு பீடி குடிக்கப் போவானாலே?" என்பார் தாத்தா. மலைக்குப் போகிற நமக்குக் கயிறு பிடிக்க ஆள் யார்? போன வருஷம் எந்தப் பாதையில் போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று அம்மாவுக்குக்கூடத் தெரியாது. ஆகவே பள்ளி அலுவலகத்தில் ஒரு தாள் இருக்க வேண்டும். அதில் பாதையின் பெயர், போகிறவர்களின் பெயர், திரும்பும் நேரம், அந்த நேரம் தாண்டினால் யாருக்குப் போன் செய்வது என்பதெல்லாம் எழுதியிருக்க வேண்டும்.

திரும்பும் நேரத்தை இங்கேயே முடிவு செய்யணும். இரண்டு மணி என்றால் இரண்டு மணிதான், பாறை பத்து நிமிஷத் தூரத்தில் இருந்தாலும் சரி. "சார், இன்னும் கொஞ்சம் சார்" என்று நாங்கள் கத்துவோம், நானும் கத்துவேன். ஆசிரியர்கள் அந்த ஐந்து நிமிஷம் காது கேளாதவர்களாக இருக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

அனுமதியும் பையில் இருக்க வேண்டிய பொருள்தான். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கினார்கள், 23 பேர் இறந்தார்கள். அவர்கள் போனது அனுமதி இல்லாத பாதை என்று வனத்துறை அப்போது சொன்னது. அந்த வருஷமே அரசு மலையேற்றத்துக்குத் தனி விதிகள் போட்டது. 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தில் 40 பாதைகளை அறிவித்தார்கள், அவற்றில் வழிகாட்டியோடுதான் போக வேண்டும். கொடைக்கானலுக்கு வண்டியில் போக 2024 மே முதல் இ-பாஸும் தேவை.

இதையெல்லாம் படித்துவிட்டு "அப்ப போகவே வேண்டாம்" என்று வீட்டில் சொல்லிவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. அதற்காக இதை எழுதவில்லை. கடல் பொல்லாதது என்று நம்ம ஊரில் யாரும் படகை விற்றுவிடவில்லையே!

உண்மையான சிக்கல் பணம். பஸ் காசையே தவணையில் கட்டுகிற நண்பர்கள் நம்மிடையே உண்டு. ஒரு நாளைக்காக ஸ்வெட்டர் வாங்கு என்றால் அவர்கள் பெயரை அடித்துவிட்டுப் பேசாமல் இருந்துவிடுவார்கள், காரணம் சொல்ல மாட்டார்கள். எனவே பி.டி. அறையில் ஒரு பெட்டி வைக்கலாம். ஊட்டி, பெங்களூர் போய்வந்த வீடுகளில் பீரோவுக்கு அடியில் ஸ்வெட்டர்கள் சும்மா கிடக்கின்றன. துவைத்துக் கொண்டுவந்து போடுங்கள். வேண்டியவர்கள் எடுத்துக்கொண்டு போய்விட்டுத் திரும்பப் போடட்டும். யார் போட்டது, யார் எடுத்தது என்று நோட்டு எதுவும் வேண்டாம்.

கிளம்புவதற்கு முதல் நாள் சாயங்காலம் எல்லோர் பையையும் திறந்து பார்க்கணும் என்றும் சொல்கிறேன். அவமானமாக இருக்கும் என்றால் என் பையை முதலில் திறக்கிறேன்.

அதில் ஒரு நீலச் சால்வை இருக்கும். யாரும் கேலி செய்ய வேண்டாம். அவசரத்தில் அதை உடுத்தியபடியே சித்தப்பா மகன் பஸ் ஏறிவிட்டான். வட்டக்கானல் பாதையில் அந்த அக்காவைத் தேடிப் பிடித்துத் திருப்பிக் கொடுக்கணும்.

- மேல்நிலை முதலாம் ஆண்டு மாணவன்