வண்டி ஓட்ட மார்க்கு எதற்கு?

பள்ளியில் நல்ல மார்க்கு வாங்குகிற பிள்ளைக்குத்தான் டிரைவிங் லைசென்ஸ் கொடுக்கவேண்டும், அப்போதுதான் பையன்கள் ஒழுங்காகப் படிப்பார்கள் என்ற பேச்சு நம்மவர் மத்தியிலும் அடிபடுகிறது. சொல்லுகிறவர்கள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. பத்தாவதைப் பாதியில் விட்டுவிட்டு எவனுடைய பைக்கிலோ தொற்றிக்கொண்டு ஊர் சுற்றுகிறானே என்கிற பெற்ற வயிற்றின் எரிச்சல் அது. அந்த எரிச்சல் நமக்கும் உண்டு. ஆனாலும் இந்த யோசனையை நாம் எதிர்க்கிறோம். ஏனென்றால் இதற்கு ஒன்றுவிட்ட அண்ணனான ஒரு விதியை இந்த நாடு 12 ஆண்டுகள் நடத்திப் பார்த்துவிட்டது. அடி யார் முதுகில் விழுந்தது என்பது நமக்குத் தெரியும்.

இந்த யோசனை அமெரிக்கச் சரக்கு. அங்கே மேற்கு வர்ஜீனியா மாநிலம் 1988-இல் முதன்முதலாக, 18 வயதுக்குள் பள்ளியை விட்டு நிற்கிறவனின் லைசென்ஸைப் பறிக்கச் சட்டம் செய்தது. பிறகு வேறு சில மாநிலங்கள் வருகையோடு தேர்ச்சியையும் சேர்த்துக்கொண்டன. அங்கே 16 வயதில் கார் ஓட்டுவது வளரும் பருவத்தின் ஒரு சடங்கு மாதிரி. அதைக் காட்டி ஆசை மூட்டலாம், மிரட்டலாம். தாராவியிலும் சயான் கோலிவாடாவிலும் லைசென்ஸ் என்பது அடுப்பில் ஏறும் உலை. உலையைக் காட்டி மிரட்டினால் பிள்ளை படிப்பானா? லைசென்ஸ் இல்லாமலே ஓட்டுவான். போலீஸ்காரருக்கு மாமூல் கட்டுவான்.

நம் நாட்டுக் கதைக்கு வருவோம். 2007-இல் மத்திய மோட்டார் வாகன விதிகளின் 8-ஆம் விதியில், சரக்கு வண்டி, ரிக்ஷா, டாக்சி, பஸ் முதலிய போக்குவரத்து வாகனங்களை ஓட்ட லைசென்ஸ் கேட்பவர் எட்டாம் வகுப்புத் தேறியிருக்கவேண்டும் என்று கொண்டுவந்தார்கள். முன்பே லைசென்ஸ் வைத்திருந்தவர்களுக்கு விலக்கு உண்டு; புதிதாக வருகிறவனுக்கு இல்லை.

இதிலே ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள். சொந்தக் கார் ஓட்டுவதற்கு எந்த வகுப்பும் தேறவேண்டாம். மலபார் ஹில் சீமான் வீட்டுப் பிள்ளை பள்ளி வாசலை மிதிக்காவிட்டாலும் 18 வயதில் பரீட்சை கொடுத்து லைசென்ஸ் வாங்கி, எத்தனை பெரிய காரையும் ஓட்டலாம். மூன்று சக்கர ரிக்ஷாவை வாடகைக்கு எடுத்து வயிறு கழுவ நினைக்கிறவன்தான் சர்டிபிகேட்டை நீட்டவேண்டும். சாலையும் ஒன்று, ஆபத்தும் ஒன்று. பிழைப்புக்காக ஓட்டுகிறவனுக்கு மட்டும் ஏன் படிப்பு என்ற கேள்விக்கு யாரும் நேராகப் பதில் சொல்லவில்லை.

மகாராஷ்டிரத்தில் தொடக்கப் பள்ளி என்பது நெடுங்காலமாக 7-ஆம் வகுப்போடு முடிகிற பள்ளி. எட்டாவது என்றால் உயர்நிலைப் பள்ளி: வேறு கட்டடம், வேறு இடம், பல வேளைகளில் வேறு பயிற்றுமொழி. தமிழில் ஏழு வரை படித்த நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அந்த வாசலில் நின்று திரும்பியிருக்கிறார்கள் என்பது ஒவ்வொரு வீட்டுக்கும் தெரிந்த கணக்கு. அந்த வாசலைத் தாண்டாதவன் வண்டியும் ஓட்டக்கூடாது என்றது 2007-ஆம் ஆண்டு விதி. திருநெல்வேலிப் பக்கத்தில் எட்டாவது தேறி வந்தவர்கள் பாடாவது சுலபமா? ஊர்ப் பள்ளியில் சான்றிதழ் வாங்க இரண்டு நாள் ரயில், நாலு நாள் கூலி நட்டம்.

அந்தச் சான்றிதழுக்குத்தான் என்ன மதிப்பு? 2010 ஏப்ரலில் கல்வி உரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. எட்டாவது வரை எந்தப் பிள்ளையையும் பெயில் ஆக்கி நிறுத்தக்கூடாது என்றது அது. நல்ல சட்டம், நாம் வரவேற்றோம். ஆனால் ஒரு வீட்டில் அண்ணன் 2009-இல் எட்டாவதில் தவறிப் படிப்பை விட்டிருப்பான். தம்பி 2012-இல் அதே வகுப்பைத் தாண்டியிருப்பான். தம்பி டெம்போ ஓட்டலாம், அண்ணன் கிளீனராகவே கிடக்கவேண்டும். இதில் ஓட்டும் திறமை எங்கே வந்தது?

கடைசியில் அரசாங்கமே இறங்கிவந்தது. 2019 ஜூனில் போக்குவரத்து அமைச்சகம் இந்தப் படிப்புத் தகுதியை நீக்கப்போவதாக அறிவித்து, அந்த ஆண்டிலேயே நீக்கியது. ஓட்டுநர் தொழிலில் ஏறக்குறைய 22 லட்சம் பேருக்குப் பற்றாக்குறை என்று அதுவே ஒப்புக்கொண்டது. மேவாத் வட்டாரத்து ஏழை ஓட்டுநர்களுக்காக ஹரியானா அரசு கேட்டுக்கொண்டதும் ஒரு காரணம். ஏழைக்கு இரக்கப்பட்டு எடுத்தார்களா, லாரி முதலாளிகளுக்கு ஆள் கிடைக்கவில்லை என்று எடுத்தார்களா என்பதை வாசகர்கள் யூகித்துக்கொள்ளட்டும். எப்படியோ எடுத்தார்கள். எடுத்ததை மார்க்கு என்ற பெயரில் மறுபடி நுழைய விடலாமா?

படிக்காதவனுக்குச் சாலைப் பலகை புரியாது என்பார்கள். முக்கோணம் என்றால் எச்சரிக்கை, வட்டம் என்றால் கட்டளை. எழுத்து தெரியாதவனுக்கும் விளங்கவேண்டும் என்றுதான் உலகமெங்கும் அவற்றைப் படமாக வைத்திருக்கிறார்கள். லைசென்ஸ் பரீட்சை எப்படி நடக்கவேண்டும் என்று 15-ஆம் விதி ஒவ்வொன்றாகச் சொல்லுகிறது: கண்ணாடியைச் சரிசெய்வது, கியர் மாற்றுவது, செங்குத்தான ஏற்றத்தில் நிறுத்திப் பின்னால் உருளாமல் மறுபடி எடுப்பது வரை. இதில் எதற்கு அல்ஜீப்ரா வேண்டும்? இந்தப் பரீட்சை ஒழுங்காக நடந்தால் போதும். ஏஜெண்டிடம் பணத்தைக் கட்டிவிட்டு மைதானத்தில் ஒரு சுற்றுச் சுற்றினால் லைசென்ஸ் வீடு தேடி வரும் என்ற நிலை இருக்கிறவரை, முதல் வகுப்பில் தேறியவனும் ஆளை இடிக்கத்தான் செய்வான். கண்டிப்பு வேண்டுமா, அங்கே காட்டட்டும்.

இப்படிச் சொல்வதால் பையன்களின் கையில் சாவியைக் கொடுக்கச் சொல்கிறோம் என்று யாரும் நினைக்கவேண்டாம். கியர் இல்லாத, 50 சிசிக்கு மேற்படாத வண்டிக்கு 16 வயது, மற்றவற்றுக்கு 18, போக்குவரத்து வாகனத்துக்கு 20 என்பது சட்டம்; அது சரியான சட்டம். 2019 செப்டம்பர் முதல் நடைமுறையில் உள்ள திருத்தப்படி, வயதுக்கு வராத பிள்ளை வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால் தகப்பனாருக்கோ வண்டிக்காரருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் மூன்றாண்டு வரை சிறையும் உண்டு. வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்தாகும். இவற்றையெல்லாம்விடக் கொடிது ஒன்று: அந்தப் பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. டிரைவராகப் பிழைக்க நினைக்கிற வீட்டில் இது எத்தனை வருஷச் சம்பளம் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். தண்ணீர்க் குடத்துக்கும் கேஸ் சிலிண்டருக்கும் ஸ்கூட்டரைக் கொடுத்து அனுப்புகிற அண்ணன்மார்கள் இன்று முதல் சாவியை மேலே வைக்கட்டும்.

சங்க நிர்வாகக் குழுவுக்கு நம் கோரிக்கை இரண்டு. லைசென்ஸுக்குப் பள்ளிச் சான்றோ மார்க்கோ கேட்கும் எந்த யோசனையையும் எதிர்த்து அடுத்த பொதுக்குழுவில் தீர்மானம் போடவேண்டும்; அதன் நகலை இந்தியிலும் மராத்தியிலும் எழுதி அமைச்சகத்துக்கும் மாநில அரசுக்கும் அனுப்பவேண்டும். இரண்டாவது, லைசென்ஸ் எடுக்கப்போகும் நம் பிள்ளைகளுக்குச் சாலைக் குறிகளையும் பழகுநர் தேர்வின் கேள்விகளையும் தமிழில் சொல்லிக்கொடுக்க ஞாயிறு மாலையில் இரண்டு மணி நேரம் சங்கக் கூடத்தைத் திறந்துவிடவேண்டும். பாடம் நடத்த வெளியாள் வேண்டாம். இருபது வருஷம், முப்பது வருஷம் ரிக்ஷாவும் லாரியும் ஓட்டிய உறுப்பினர்கள் இருக்கிறார்கள். பத்தாவது படிக்கிற பையன்களும் வரட்டும். பள்ளிப் பாடம் கெடாத நேரமாகப் பார்த்து வைத்தால் போதும்.